ஜிஎம் போட்ட கணக்கும் ஆட்டக்காரர் போட்ட கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேபிள்டாப் ஆர்பிஜி என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியே கதையை ஆடும் விளையாட்டு. அந்த மேசைக்குப் புதிதாக வருபவர்கள், ஆட்டத்தை நடத்தும் ஜிஎம்மாகப் புதிதாக ஆனவர்கள், வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகத்தில்தான் வந்து நிற்கிறார்கள். ஜிஎம் ஒன்று நினைத்து வைத்திருக்கிறார், ஆட்டக்காரர் வேறொன்று செய்கிறார், யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது? ஆளுக்கு ஆள் தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

முதல்ல இதைச் சொல்லுங்க. ஜிஎம் கதையை எழுதி வச்சுட்டார்னா மத்தவங்க அங்கே என்னதான் செய்யறாங்க?

டேபிள்டாப் ஆர்பிஜியில் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஆளுக்கொரு கேரக்டர். மிச்சமுள்ள உலகம் மொத்தமும், அதாவது ஊர், காவலாளி, அரசன், அரக்கன், மழை என்று எல்லாமும் கேம் மாஸ்டர் என்ற ஒருவரின் பொறுப்பு. அவரைத்தான் ஜிஎம் என்கிறோம். அவர் பேசி நடிக்கும் ஆட்களுக்கு என்பிசி என்று பெயர். ஆட்டக்காரர் தன் கேரக்டர் என்ன செய்கிறது என்று சொல்வார். அதனால் என்ன ஆகிறது என்று ஜிஎம் சொல்வார். இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம் என்றால் பகடை முடிவு செய்யும். கதை என்பது இந்தப் பேச்சின் போக்கில் உண்டாவது. முழுக்க எழுதிக் கொண்டுவந்தால் மற்றவர்களுக்கு வேலை இல்லை என்று நீங்கள் நினைப்பது சரிதான்.

இந்த இழுபறி விளையாட்டோடு கூடப் பிறந்தது. 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஒரு போர் விளையாட்டு நடத்தினார். படைகளை மட்டும் நகர்த்தாமல் மேயர், வங்கிக்காரர் என்று ஊர்க்காரர்களின் பாத்திரங்களையும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர் நினைத்தபடி எதுவும் நடக்கவில்லை. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேரம் பேசவும் வம்பு வளர்க்கவும் கிளம்பிவிட்டார்கள். ஆட்டம் சொதப்பிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு தடவை வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன்தான் பிற்பாடு கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியை உருவாக்கினார். அது 1974இல் வெளிவந்தது.

அப்போ ஜிஎம் எதையும் தயார் செய்யாம வெறும் கையோட வரலாமா?

சிலர் வருகிறார்கள், நன்றாகவும் நடத்துகிறார்கள். எனக்கு அது வராது. என் வழி வேறு: ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் எழுதுவதில்லை, மற்றதை எழுதிக்கொள்வேன். யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார்கள், யாரும் தலையிடாவிட்டால் நாளைக்கும் மறுநாளும் என்ன நடக்கும், இவ்வளவுதான். ஆர்பிஜி நடத்துவது பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் என்பவர் பல வருடங்களாக வலியுறுத்தும் விஷயமும் இதுதான்: சம்பவங்களின் வரிசையைத் தயார் செய்யாதே, சூழ்நிலையைத் தயார் செய்.

ஓர் உதாரணம். கோட்டைச் சிறையிலிருந்து ஒரு கிழட்டு அறிஞரை மீட்க வேண்டும் என்ற ஆட்டத்தை ஒருமுறை தயாரித்தேன். முதலில் எழுதியது இப்படி: ‘சாக்கடை வழியாக நுழைவார்கள், எலிக்கூட்டம் வரும், பிறகு மூன்றாம் தளத்தில் காவலர்களோடு சண்டை.’ சாக்கடைக்கு வரைபடம்கூடப் போட்டேன். அப்புறம் அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரே தாளில் இப்படி எழுதிக்கொண்டேன்: ‘சிறை அதிகாரிக்குப் பதவி உயர்வு வேண்டும், நான்கு நாளில் மேலதிகாரி சோதனைக்கு வருகிறார். துணை அதிகாரிக்குச் சூதாட்டக் கடன். அறிஞருக்கு வெளியே வர விருப்பமில்லை, பக்கத்து அறையில் அவர் மாணவன் இருக்கிறான்.’ இதை வைத்துக்கொண்டு அவர்கள் எந்தப் பக்கம் போனாலும் நான் பேச முடியும். சாக்கடை வரைபடத்தை வைத்துக்கொண்டு சாக்கடைக்குள் மட்டும்தான் பேச முடியும்.

எவ்வளவு நேரம் தயார் செய்தா போதும்?

மூன்று மணி நேர செஷனுக்கு, அதாவது ஒரு தடவை உட்கார்ந்து ஆடுவதற்கு, எனக்கு ஒரு மணி நேரம் போதும். அதில் பத்து நிமிடம் வெறும் பெயர்ப் பட்டியலுக்கு. திடீரென்று முளைக்கும் என்பிசிக்குப் பெயர் தேடித் திணறினால் அந்த ஆள் முக்கியமில்லாதவர் என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்துபோகும்.

இன்னொன்று, செஷன் முடியும்போது ‘அடுத்த தடவை எங்கே போகப் போகிறீர்கள்?’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. வடக்கே என்றால் வடக்கைத் தயார் செய்யலாம். சொல்லிவிட்டுத் தெற்கே போனால் அன்றைக்கு ஆட்டம் சீக்கிரம் முடிந்தாலும் குறை சொல்ல மாட்டார்கள்.

கதை ஒரே பாதையில போனாலே ரெயில்ரோடிங்னு திட்டறாங்க. அது நியாயமா?

நியாயமில்லை. அரசன் வேலை கொடுத்தான், காட்டைக் கடக்க வேண்டும், குகையில் அரக்கன் என்று நேர்கோட்டில் போகும் ஆட்டங்கள் எவ்வளவோ உண்டு. ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் உட்காருகிறார்கள். குகைக்குப் போவது என்ற முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. எப்படிப் போவது, குகையில் சண்டை போடுவதா பேசுவதா என்பது இன்னும் திறந்துதான் இருக்கிறது.

ரெயில்ரோடிங் என்பது ஆட்டக்காரர் எடுத்த முடிவைச் செல்லாததாக்குவது. கதவை உடைக்கிறேன் என்றால் மந்திரக் கதவு, சுவரேறுகிறேன் என்றால் வழுக்கும் சுவர், காவலனுக்குப் பணம் தருகிறேன் என்றால் உலகத்திலேயே நேர்மையான காவலன். கடைசியில் ஜிஎம் நினைத்த சாக்கடை மட்டும் அகலத் திறந்து கிடக்கும். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஜிஎம் நிற்கிறார் என்பது இரண்டாவது தடையிலேயே மேசைக்குப் புரிந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் யோசிக்க மாட்டார்கள், ஜிஎம் மனதில் உள்ளதை ஊகிக்க மட்டும் பார்ப்பார்கள்.

ஆட்டக்காரர் நான் யோசிக்காத எதையோ சொல்லிடறார். எனக்குத் தலை சுத்துது. அந்த நிமிஷம் என்ன செய்யணும்?

மேலே சொன்ன சிறைக்கே வருகிறேன். சுவர், சாக்கடை, துணை அதிகாரியின் கடன் எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன். ஓர் ஆட்டக்காரர் பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டார்: ‘உள்ளே முந்நூறு கைதிங்கன்னு சொன்னீங்க. இவங்க துணியை யார் துவைக்கிறாங்க?’ என் தாளில் வண்ணார் இல்லை. பத்து விநாடி யாரும் பேசவில்லை. ‘ஆற்றங்கரையில் ஒரு குடும்பம். வாரம் இரண்டு முறை வண்டியில் மூட்டை வரும், போகும்’ என்றேன். முந்நூறு பேருக்குத் துணி துவைக்க யாராவது இருந்துதான் ஆக வேண்டும். நான் அதை யோசிக்காமல் விட்டிருந்தேன், அவ்வளவுதான். அன்றைய செஷன் முழுக்க அந்தக் குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில் நடந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு உதவும் கேள்வி ஒன்று உண்டு: ‘இதனால் என்ன நடக்க வேண்டும் என்று நினைக்கிறாய்?’ யோசனை விசித்திரமாகத் தோன்றுவதற்கு முக்கால்வாசிக் காரணம், ஆட்டக்காரர் செய்யும் முறையை மட்டும் சொல்லி நோக்கத்தைச் சொல்லாமல் விடுவது. விளக்கெண்ணெய் இரண்டு குடம் வேண்டும் என்பார். எதற்கு என்று கேட்டால்தான் தெரியும், படிக்கட்டில் ஊற்றிக் காவலர்களை வழுக்கி விழவைக்கப் போகிறார் என்று. அப்புறம் முடிவெடுப்பது சுலபம்.

அதுவும் போதவில்லையென்றால் ‘ஐந்து நிமிடம் கொடுங்கள், இதை நான் எதிர்பார்க்கவில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். ஆட்டக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஆட்டக்காரர் எது சொன்னாலும் ‘சரி’ சொல்லணும்னு ஒருத்தர் சொன்னார். அது நடக்கிற காரியமா?

உடனுக்குடன் நடிக்கும் மேடை நாடகப் பயிற்சியிலிருந்து வந்த பழக்கம் அது. எதிரே நிற்பவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு அதன் மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தொடக்கநிலை ஜிஎம்களுக்கு நல்ல மருந்து, ஏனென்றால் நம் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் ‘முடியாது’தான். ஆனால் மேடையில் யாரும் ஜெயிக்க வேண்டியதில்லை. இங்கே தடை இருந்தால்தான் யோசனைக்கே மதிப்பு.

நான் மூன்று இடங்களில் மறுப்பேன். மேசையில் ஏற்கெனவே சொல்லப்பட்ட உண்மைக்கு முரணாக இருந்தால், எல்லோரும் ஒப்புக்கொண்ட கதையின் தன்மையைக் கெடுத்தால் (திகில் கதையில் சோப்புக்குமிழித் துப்பாக்கி போல), இன்னொருவரின் கேரக்டர் மேல் கை வைத்தால். நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன் என்பது இந்தப் பட்டியலில் இல்லை. மறுக்கும்போது காரணத்தையும் சொல்லி, எது முடியும் என்பதையும் சொல்ல வேண்டும்: ‘இவ்வளவு உயரத்திலிருந்து குதித்தால் கால் உடையும், இது உன் கேரக்டருக்கே தெரியும். கயிறு இருந்தால் இறங்கலாம்.’ மற்றபடி ‘சரி, ஆனால் அதற்கு இந்த விலை’ என்பதே நான் அதிகம் பயன்படுத்தும் பதில்.

நல்ல யோசனை சொன்னார், பகடையில ஒண்ணு விழுந்துடுச்சு. எல்லாருக்கும் முகம் தொங்கிப்போச்சு. பகடையை எப்போ உருட்டச் சொல்லணும்?

தோற்றாலும் ஜெயித்தாலும் கதை நகரும் என்றால் மட்டும். தோற்றால் ஒன்றுமே நடக்காது என்றால் உருட்டவே வேண்டாம், நடந்ததாக வைத்துக்கொண்டு மேலே போங்கள். நடக்கவே முடியாத காரியத்துக்கும் உருட்டச் சொல்லாதீர்கள். இருபது பக்கப் பகடையில் இருபதே விழுந்துவிட்டால் என்ன சொல்வீர்கள்?

யோசனை நன்றாக இருந்தால் அதன் பலன் பகடைக்கு முன்பே தெரிய வேண்டும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் சுலபமான காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதுக்கு 20 என்று இலக்கு வைக்கிறார்கள், உருட்டிக் கிடைப்பது அதை எட்ட வேண்டும். யோசனையைப் பார்த்து 20ஐ 15 ஆக்கலாம். அல்லது ‘அட்வான்டேஜ்’ கொடுக்கலாம், அதாவது இருபது பக்கப் பகடையை இரண்டு உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வது. பகடையில் 15 அல்லது மேலே விழ வேண்டும் என்றால் ஒரு பகடையில் 30 சதவீத வாய்ப்பு, இரண்டில் 51 சதவீதம்.

தோற்றால் என்ன ஆகும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. 2017இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் விளையாட்டில் இதுவே விதி. எவ்வளவு ஆபத்து, எவ்வளவு பலன் என்று பேசி முடித்த பிறகுதான் உருட்டுவார்கள். தெரிந்தே இறங்கித் தோற்றால் முகம் அவ்வளவாகத் தொங்குவதில்லை.

துப்பறியும் கதை நடத்தினேன். முக்கியமான துப்பை அவங்க கண்டுக்கவே இல்லை. கதை அங்கேயே நின்னுபோச்சு.

கதை நின்றதற்குக் காரணம் அவர்கள் மந்தம் என்பதல்ல, ஒரே ஒரு துப்பு இருந்தது என்பதுதான். 2008இல் ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிய விதி இதற்கு இன்றுவரை நல்ல வைத்தியம்: ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகள் வையுங்கள். ஒரு துப்பைத் தவறவிட 40 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் தவறவிடும் வாய்ப்பு சுமார் 6 சதவீதம்தான். மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. ஒன்று பொருளாக, ஒன்று ஒருவர் சொல்லும் பேச்சாக, ஒன்று யாரோ செய்யும் செயலாக இருந்தால் வெவ்வேறு வகை ஆட்டக்காரர்கள் வெவ்வேறு வழியில் வந்து சேர்வார்கள்.

துப்பறியும் ஆட்டங்களுக்காக ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ என்ற விதிமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் சரியான இடத்தில் சரியான திறமையோடு தேடினால் முக்கியத் துப்பு கிடைத்தே தீரும், பகடையே கிடையாது. துப்பை வைத்து என்ன ஊகிக்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். உங்கள் விளையாட்டு வேறாக இருந்தாலும் இந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கலாம்.

மர்மக் கதைக்கு ஒரு மாசம் உழைச்சேன். பிணத்தோட பேசற மந்திரத்தைப் போட்டு அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க!

அந்த மந்திரம் அவர்களிடம் இருப்பது உங்களுக்கு முன்பே தெரியும்தானே. அப்படியானால் கொலைகாரனுக்கும் அப்படி ஒரு மந்திரம் உலகத்தில் இருப்பது தெரிந்திருக்கும். முகமூடி போட்டிருப்பான், பின்னாலிருந்து குத்தியிருப்பான், அல்லது இன்னொருவர் உருவத்தில் வந்திருப்பான். இது ஏமாற்று வேலை கிடையாது, அந்த உலகத்தில் புத்தியுள்ள எவனும் செய்வது.

மந்திரத்தின் விதியையும் ஒருமுறை வாசியுங்கள். ஐந்தாம் பதிப்பில் பிணத்திடம் ஐந்து கேள்விகள்தான் கேட்கலாம். உயிரோடு இருந்தபோது தெரிந்ததை மட்டுமே அது சொல்லும், அதையும் சுருக்கமாக, பல சமயம் பூடகமாக. ஐந்து கேள்விகளில் என்ன கேட்பது என்று அவர்கள் அடித்துக்கொள்வதே ஒரு காட்சி. பிணம் சொல்வதை மேலே சொன்ன மூன்று துப்புகளில் ஒன்றாக வைத்துக்கொண்டால் உங்கள் கதைக்குச் சேதமில்லை. செய்யக் கூடாதது ஒன்றுதான். ஆடும்போது பாதியில் ‘இந்தப் பிணத்துக்கு நாக்கில்லை’ என்று கண்டுபிடிக்காதீர்கள். ஆட்டக்காரர் தன் கேரக்டருக்கு அந்த மந்திரத்தைத் தேர்ந்தெடுத்ததே இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தான்.

வில்லனை முதல் சந்திப்பிலேயே கொன்னுட்டாங்க. இனி ஆறு மாசக் கதைக்கு என்ன செய்யறது?

சாகட்டும். கொண்டாட விடுங்கள். இரண்டாம் பதிலில் சொன்னபடி யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதியிருந்தால், வில்லன் போனாலும் அவன் விரும்பிய பொருள் அங்கேயே இருக்கும். காலியான நாற்காலிக்கு மூன்று பேர் அடித்துக்கொள்வார்கள், அவன் கட்டிவைத்திருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துவிடும். என் அனுபவத்தில் இரண்டாவது வில்லன் எப்போதும் சுவாரஸ்யமானவன், ஏனென்றால் அவனை ஆட்டக்காரர்களே உருவாக்கியிருப்பார்கள்.

அவனை இழக்க உங்களுக்கு மனமில்லையென்றால் அம்பு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். கடிதம் அனுப்பட்டும், ஆள் அனுப்பட்டும். விதிப்படியே தாங்கும் சக்தியைக் கொடுப்பதும் ஒரு வழி. ஐந்தாம் பதிப்பில் சில பெரிய அரக்கர்கள் ஒரு நாளைக்கு மூன்று முறை தங்கள் மேல் விழும் மந்திரத்தை உதறிவிட முடியும். அதை உதறும்போது வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். மூன்றையும் செலவழிக்க வைப்பது அவர்களுக்கு ஒரு கணக்காகிவிடும்.

எந்தக் கதவைத் திறந்தாலும் நான் எழுதி வச்ச அதே அரக்கன் இருந்தா என்ன தப்பு? அவங்களுக்குத்தான் தெரியாதே.

இதில் ஜிஎம்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் கட்சி இது: இரண்டு கதவைப் பற்றியும் ஆட்டக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றால் அது தேர்வே அல்ல, நாணயத்தைச் சுண்டியது போலத்தான். அரக்கன் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். இடது கதவில் கால்தடம் இருக்கிறது, வலது கதவில் காற்று வருகிறது என்று பார்த்து, யோசித்து, வாதாடி வலதைத் திறந்தார்கள் என்றால், அங்கேயும் அரக்கனை வைப்பது அவர்கள் யோசித்ததைக் குப்பையில் போடுவது. ரெயில்ரோடிங் பற்றிச் சொன்னதேதான் இது, சத்தமில்லாமல் நடக்கிறது என்பது மட்டும் வித்தியாசம். தெரியாது என்கிறீர்கள். ஆறு மாதம் சேர்ந்து ஆடுபவர்களுக்கு ஜிஎம்மின் மூச்சுகூடத் தெரியும்.

திரைக்குப் பின்னால பகடையை உருட்டி எண்ணை மாத்திச் சொல்லலாமா?

திரை என்பது ஜிஎம் தன் குறிப்புகளையும் பகடையையும் மறைக்க முன்னால் நிறுத்தும் அட்டைத் தடுப்பு. அதன் பின்னால் நான் முதல் இரண்டு வருடம் மாற்றினேன். இப்போது எல்லோர் கண்முன்னாலும் உருட்டுகிறேன். மாற்றத் தோன்றுகிறது என்றால் உருட்டியதே தப்பு என்று அர்த்தம், அதை மேலே பகடைக் கேள்வியில் பாருங்கள். மாற்றும் ஜிஎம்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் மேசையிலேயே கேட்டுவிடுங்கள்.

உலகத்தைப் பத்தி ஆட்டக்காரர்களே சொல்லலாமா? ‘இந்த ஊர்ல எனக்கு ஒரு மாமா இருக்கார்’ங்கறார்.

மாமா இருக்கட்டுமே. நீங்கள் யோசிக்க வேண்டிய ஓர் என்பிசியை இலவசமாகத் தருகிறார். ‘மாமாவுக்கும் உனக்கும் கடைசியாக எதில் சண்டை?’ என்று ஒரு கேள்வி மட்டும் சேர்த்துக் கேளுங்கள். சில விளையாட்டுகளில் இதற்கு விதியே உண்டு. ஃபேட் விளையாட்டில் ஆட்டக்காரர் ஒரு புள்ளியைச் செலவழித்துத் தன் கேரக்டரோடு தொடர்புள்ள ஒரு விவரத்தைக் கதைக்குள் கொண்டுவரலாம். பிளேட்ஸ் இன் தி டார்க்கில் கொள்ளையின் நடுவே ‘நான் நேற்றே இந்தக் காவலனைச் சரிக்கட்டிவிட்டேன்’ என்று பின்னோக்கிய காட்சி ஒன்றைக் கேட்கலாம். நம்பக் கஷ்டமான யோசனையாக இருக்க இருக்க, கேரக்டர் கட்ட வேண்டிய ‘ஸ்ட்ரெஸ்’ (மன அழுத்தப் புள்ளி) கட்டணமும் கூடும்.

எல்லை எங்கே என்றால், இப்போது எதிரே நிற்கும் சிக்கலை அந்த விவரம் ஒரே அடியில் தீர்த்துவிடக் கூடாது. மாமா இருக்கலாம். அவரே சிறை அதிகாரியாக இருந்து சாவியைக் கையில் கொடுக்கக் கூடாது. அவர் அதிகாரிக்குச் சமையல்காரர் என்றால் எனக்குச் சம்மதம்.

‘என் கேரக்டர் அப்படித்தான்’னு சொல்லி ஒருத்தர் கூட இருக்கறவங்ககிட்டயே திருடறார். இதுவும் படைப்பாற்றல்தானா?

கேரக்டரை அப்படி எழுதியவர் அவர்தான். கதைக்குள் தண்டனை கொடுத்துத் திருத்தப் பார்க்காதீர்கள், சண்டை இன்னும் பெரிதாகும். ஆட்டத்தை நிறுத்தி, மனிதர்களாகப் பேசுங்கள்: ‘மற்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை. சேர்ந்து ஆட ஒரு காரணம் உள்ள கேரக்டராக மாற்ற முடியுமா?’

இதையெல்லாம் ஆடத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்வதற்குத்தான் செஷன் ஜீரோ. என்ன மாதிரிக் கதை, ஒருவருக்கொருவர் துரோகம் செய்யலாமா, எந்த விஷயம் கதையில் வரவே கூடாது, எது வந்தாலும் காட்சியாகக் காட்டாமல் கடந்துபோக வேண்டும் என்று பேசிவிடலாம். கடைசி இரண்டையும் கோடுகள், திரைகள் என்று பிரித்தவர் ரான் எட்வர்ட்ஸ். மேசை நடுவில் எக்ஸ் போட்ட அட்டை ஒன்றை வைத்து, யார் தொட்டாலும் கேள்வி கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிடும் ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸின் முறையும் பரவலாகப் பழக்கத்தில் இருக்கிறது.

ஒரே ஆள்தான் யோசனையா கொட்டறார். மத்தவங்க வாயே திறக்கறதில்லை.

அவரை அடக்காதீர்கள். மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், அதுவும் ‘நீ என்ன செய்கிறாய்?’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘இவர் அதிகாரியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது உன் கேரக்டர் கண்ணில் மேசைமேல் இருக்கும் சாவி படுகிறது. என்ன செய்கிறாய்?’ என்று கைப்பிடி கொடுத்துக் கேளுங்கள். சிலர் பார்த்து ரசிக்கவே வருகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எனக்கு நேர்மாறான பிரச்சினை. முழுச் சுதந்திரம் கொடுத்தேன். ‘இப்போ என்ன பண்ணணும்?’னு என் முகத்தையே பாக்கறாங்க.

எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. மூன்று வழிகளைக் காட்டுங்கள், நான்காவதற்குக் கதவைத் திறந்து வையுங்கள். கூடவே நேரத்தை ஓடவிடுங்கள். சிறை ஆட்டத்தில் ‘மேலதிகாரி வர நான்கு நாள்’ என்று ஒரு வட்டம் வரைந்து நான்காகப் பிரித்து மேசை நடுவில் வைத்தேன். பேசியே ஒரு நாள் கழிந்தால் ஒரு பகுதியைக் கறுப்பாக்குவேன். இரண்டாவது பகுதி கறுத்ததும் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிளேட்ஸ் இன் தி டார்க் ஆடுபவர்கள் இதைக் ‘கிளாக்’ என்பார்கள்.

ஒருவேளை இதற்கு முன் அவர்கள் ஆடிய மேசையில் நான்காவது பதிலில் சொன்ன மாதிரி ஒரு ஜிஎம் இருந்திருக்கலாம். யோசித்து யோசித்து அடி வாங்கியவர்கள் மறுபடி யோசிக்கக் கொஞ்ச காலம் ஆகும். முதல் யோசனை சுமாராக இருந்தாலும் பலிக்கவிடுங்கள்.

காசு கொடுத்து அச்சிட்ட சாகசக் கதைப் புத்தகம் வாங்கி நடத்தறேன். அதை விட்டு வெளியே போனா என்ன செய்ய?

‘நாம் இந்தப் புத்தகத்தை ஆடப்போகிறோம்’ என்று முதல் நாளே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். மீறி வெளியே போனால் புத்தகத்திலுள்ள ஆட்களை மட்டும் கூட எடுத்துக்கொண்டு போங்கள், பக்க எண்ணை மறந்துவிடுங்கள். வாசிக்கும்போதே ஒவ்வொரு என்பிசிக்கும் என்ன வேண்டும் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் இது அவ்வளவு கஷ்டமில்லை.

நான் ஜிஎம் இல்லை, ஆடறவன். அவர் போட்ட திட்டத்தை நான் எவ்வளவு மதிக்கணும்?

திட்டத்தை மதிக்க வேண்டாம், அழைப்பை மதியுங்கள். கோட்டைக்குள் கதை இருக்கிறது என்று அவர் காட்டினால் கோட்டைக்குள் போங்கள். எப்படிப் போவது என்பது உங்கள் ராஜ்யம். அவரைத் திகைக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே கப்பலேறி வேறு தேசம் போவது யோசனை இல்லை, குறும்பு. உண்மையிலேயே போக ஆசை என்றால் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். தேசத்தைத் தயாரித்து வைப்பார்.

அவங்க மேசையில ஊகிக்கறது என் ரகசியத்தைவிட நல்லா இருக்கு. சத்தமில்லாம அதையே எடுத்துக்கலாமா?

மேசையில் சொல்லாத எதுவும் இன்னும் உண்மை ஆகவில்லை. அதனால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஒரு விதிவிலக்கோடு. துப்புகளைப் போட்டுவிட்ட மர்மக் கதை என்றால் கை வைக்காதீர்கள். போட்ட துப்புகள் சமையல்காரரைக் காட்டும்போது நீங்கள் குற்றத்தைத் தோட்டக்காரர் மேல் மாற்றினால், சரியாக யோசித்தவர் தோற்றுப்போவார்.

இதைவிட மோசமானது எதிர்த்திசையில் நடப்பது. ஆட்டக்காரர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார் என்ற பதற்றத்தில், ஆச்சரியம் போய்விடுமே என்று குற்றவாளியை மாற்றிவிடும் ஜிஎம்கள் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். முடிந்தபின் அவர் தன் குறிப்பேட்டைக் காட்டினார், ஒவ்வொரு துப்பும் சரியாகக் கோர்த்திருந்தது. ‘எங்கே தப்பு பண்ணேன்?’ என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எவ்வளவு சொன்னாலும், உட்கார்ந்து எழுதினது வீணாப் போறது வலிக்குதே.

வலிக்கும். வண்ணார் வண்டியில் அழுக்கு மூட்டைக்குள் அறிஞரையும் அவர் மாணவனையும் வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு வாள்கூட உருவப்படவில்லை. துணை அதிகாரியின் கடன், எலிக்கூட்டம், மூன்றாம் தளத்துச் சண்டை எதுவும் தேவைப்படவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் கடுப்பாகத்தான் இருந்தேன்.

ஆடாத பொருள் கெட்டுப்போவதில்லை. துணை அதிகாரி நான்கு மாதம் கழித்து வேறொரு ஊரில், வேறு பெயரில், அதே கடனோடு வந்தார். எலிகள் ஒரு கப்பலில் வேலைக்குச் சேர்ந்தன. சாக்கடை வரைபடம் மட்டும் இன்னும் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு புதுக் கோட்டைக்கும் மேசைமேல் எடுத்து வைப்பேன், இதுவரை ஒருவரும் உள்ளே இறங்கவில்லை.